சகரியா வீட்டுக்குப் போனார்

ஊழியர்களுக்கும் சபைப் பொறுப்பாளர்களுக்கும் ஆலோசனை கொடுப்பது என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு விசுவாசம் தளரவில்லை, உடம்புதான் தளர்ந்துபோயிருக்கிறது. ஒருமுறை ஒரு அக்கா வந்தார். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆலய வாசல், ஞாயிறு பள்ளி அறை, பீரோ, மைக் செட் அறை என்று ஏழெட்டுச் சாவிகள்.

"பதினோரு வருஷமா இது என்கிட்டதான் இருக்கு ஐயா. காய்ச்சல்னாலும் நான்தான் போய்த் திறக்கணும்" என்றார். கர்த்தருடைய வேலையில் களைப்பு வந்தால் அது பாவமோ என்று பயந்திருந்தார்.

லூக்கா முதல் அதிகாரத்தை எடுத்து 23ஆம் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். தேவதூதனைக் கண்டு வாய்பேச முடியாமல் போன சகரியா என்ற ஆசாரியர், ஆலயத்தில் தன் ஊழிய நாட்கள் முடிந்ததும் வீட்டுக்குப் போனதாக அதில் இருக்கிறது. பேச்சு நின்ற பிறகும் தன் முறையை முடித்தார். முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பினார். இரண்டுமே ஊழியம்தான்.

சகரியா அபியா வகுப்பைச் சேர்ந்தவர். தாவீது ஆசாரியர்களை 24 வகுப்புகளாகப் பிரித்தபோது எட்டாவது சீட்டு அபியாவுக்கு விழுந்தது (1 நாளாகமம் 24). ஒரு வகுப்பு ஓய்வுநாளில் பொறுப்பேற்று, அடுத்த ஓய்வுநாளில் இன்னொரு வகுப்பிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். பெரிய பண்டிகைகளுக்கு எல்லோரும் வருவார்கள். மற்றபடி ஒரு வகுப்புக்கு வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம்தான் முறை.

அந்தப் பிரிவினை நடந்த விதத்தைக் கவனியுங்கள். ஆரோனின் மகன் எலெயாசாரின் வம்சத்தில் தலைவர்கள் அதிகம், அதனால் 16 வகுப்புகள். அவர் தம்பி இத்தாமாரின் வம்சத்துக்கு 8. ஆனால் யார் முந்தி, யார் பிந்தி என்பதை ஆள்பலம் தீர்மானிக்கவில்லை. இரு தரப்புக்கும் ஒன்றுபோலச் சீட்டுப் போட்டார்கள். செமாயா என்ற எழுத்தர் ராஜாவுக்கும் ஆசாரியர்களுக்கும் முன்பாகப் பெயர்களை எழுதினார். நம் சபைகளில் பாதிச் சண்டை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பொறுப்புகளை யாரோ இரண்டு பேர் போனில் பேசி முடித்துவிடுகிறார்கள், மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியவருகிறது. அப்புறம் மனக்கசப்பு வராமல் எப்படி இருக்கும்?

யூத மரபில் இன்னொரு அழகான ஏற்பாடும் இருந்தது. தூபம் காட்டும் சீட்டுக்கு, அதுவரை தூபம் காட்டாதவர்களைத்தான் அழைப்பார்கள். பழகிய கை இருக்கிறதே என்று அவரிடமே திரும்பக் கொடுப்பதில்லை. பாடகர்கள் 288 பேருக்குச் சீட்டுப் போட்டபோதும் சிறியவன், பெரியவன், ஆசான், மாணவன் என்று வித்தியாசம் பார்க்கவில்லை.

ஆலய வேலை செய்த லேவி கோத்திரத்தின் மூன்று பிரிவினருக்கும் சுமையையும் அளந்துதான் கொடுத்தார்கள். வனாந்தரத்தில் ஆலயமாக இருந்த கூடாரத்தின் பலகைகளையும் தூண்களையும் சுமந்த மெராரி புத்திரருக்கு நான்கு வண்டிகள், திரைகளைச் சுமந்த கெர்சோன் புத்திரருக்கு இரண்டு. பரிசுத்த பொருட்களைத் தோளில் சுமக்க வேண்டிய கோகாத் புத்திரருக்கு வண்டியே இல்லை. மெராரியர் சுமக்க வேண்டியதைப் பேர்பேராக ஒப்புவிக்கவும் சொல்லியிருக்கிறது. அதில் கூடார முளைகளும் கயிறுகளும் அடக்கம். முளை எண்ணுகிற வேலையைக்கூட "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விடவில்லை.

ஐம்பது வயதில் லேவியர் அந்தப் பாரமான வேலையை விட்டார்கள். ஆனாலும் சகோதரரோடு கூட நின்று உதவினார்கள் (எண்ணாகமம் 8). நம்மிடம் மூத்தவர்களுக்கு இரண்டே வழிதான்: கடைசிவரை நாற்காலியில் இருப்பது, இல்லையென்றால் ஒரேயடியாக ஓரங்கட்டப்படுவது. கூட நின்று பழக்கிவிடும் இடத்தை நாம் வைக்கவே இல்லை.

சபைக் கமிட்டியில் இருப்பவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுவது நெகேமியா 13. லேவியருக்குச் சேரவேண்டிய பங்கு கொடுக்கப்படாததால் அவர்கள் ஆலயத்தை விட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். நெகேமியா ஓடிப்போனவர்களைத் திட்டவில்லை. தலைவர்களைக் கூப்பிட்டு, தேவாலயம் ஏன் கைவிடப்பட்டது என்று கேட்டார். லேவியரைத் திரும்பச் சேர்த்து, பங்கைப் பகிர்ந்து கொடுக்க உண்மையுள்ளவர்களை நியமித்தார். ஒரு ஊழியர் விட்டுப்போனால் நாம் முதலில் அவருடைய ஜெப வாழ்க்கையைத்தான் சந்தேகிக்கிறோம். அவருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா, ஒரு வாரமாவது விடுப்பு கிடைத்ததா என்று முதலில் கேளுங்கள்.

அந்த அக்காவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எட்டுச் சாவிக்கும் எட்டுப் பெயர் எழுதினோம். ஆறு பெயர்கள் உடனே வந்தன. மற்ற இரண்டுக்கு ஞாயிறு பள்ளியில் படித்து வளர்ந்த இரண்டு பிள்ளைகளை அவரே சொன்னார்.