அடைக்கலம்: சரணாகதிக்குத் தமிழில் ஒரு பழஞ்சொல்

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த வாரம், அத்தை பார்க்க வந்தார். அப்பாவின் மூத்த அக்கா. கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இனி நம்ம கையில என்ன இருக்கு? முருகன்கிட்ட சரணாகதி ஆயிடு" என்றார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "சரணடையறதுக்கு நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. நாற்பது வருடமாகச் செய்தித்தாள் படிப்பவர். அங்கே சரண் என்றால் தேடப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வருவது, தோற்ற படை ஆயுதத்தைக் கீழே போடுவது. ஒரு கட்சி இன்னொரு கட்சிக்குப் பணிந்தால் "சரணாகதி அடைந்தது" என்று வசைபோல எழுதுகிறார்கள். ஆனால் அதே செய்தித்தாள் வேடந்தாங்கலைப் பற்றி எழுதும்போது "பறவைகள் சரணாலயம்" என்கிறது. அந்த நீர்க்கடம்ப மரங்களுக்கு வரும் நாரைகள் யாரிடமும் தோற்று வரவில்லை. கூடு கட்ட இடம் தேடி வருகின்றன. சரண் என்ற சொல்லின் உண்மையான பொருள் இந்த இரண்டாவது இடத்தில்தான் உயிரோடு இருக்கிறது.

வடமொழியில் சரணம் என்றால் காப்பு, காக்கும் இடம். ஆகதி என்றால் வந்து சேர்தல். சரண, ஆகதி இரண்டும் சேர்ந்து சரணாகதி: காக்கும் இடத்துக்கு வந்து சேர்தல். வந்து சேர்வது சொல்லுக்குள்ளேயே இருப்பதால் "சரணாகதி அடைந்தான்" என்பது சொன்னதையே திரும்பச் சொல்வதுதான். பழகிவிட்டது, விடலாம். ஆனால் இதைச் சரண், அகதி என்று சிலர் பிரிக்கிறார்கள், அது தவறு. கதி என்றால் போக்கு, போக்கிடம். அகதி, போக்கிடம் இல்லாதவர். ஆகதி, வந்து சேர்தல். ஒரு குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இது தமிழ் எழுத்தால் வந்தது. வடமொழியில் காலடியைக் குறிக்கும் சரணம் வேறு, காப்பைக் குறிக்கும் சரணம் வேறு. முதல் எழுத்தின் ஒலியே வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சகரம். "புத்தம் சரணம் கச்சாமி", "சுவாமியே சரணம் ஐயப்பா" இவற்றில் இருப்பது காப்பு. கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவிக்கு அப்புறம் வரும் சரணம் காலடியைக் குறிப்பது. நாம் செய்யுள் வரியை அடி என்பது போல. அருணகிரிநாதர் சுவாமிமலையில் "சரண கமலாலயத்தை அரைநிமிஷ நேரமட்டில்" என்று பாடியதும் காலடிதான். எழுத்து ஒன்றாகிவிட்டதால் தமிழில் காலைப் பிடிப்பதும் காப்புத் தேடுவதும் ஒரே செயல் போல ஆகிவிட்டன. எனக்கு இது நஷ்டமாகத் தெரியவில்லை. "உன் சரணல்லால் சரணில்லை" என்று குலசேகர ஆழ்வார் பாடும்போது, முதல் சரணைத் திருவடி என்றும் இரண்டாவதைப் புகல் என்றும் படித்துப் பாருங்கள். வரி அப்படியே விரிகிறது.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? மூன்று உண்டு: புகல், தஞ்சம், அடைக்கலம்.

புகல், புகு என்ற வினையிலிருந்து வந்தது. நுழைந்து ஒதுங்கும் இடம். சீர்காழிக்கு உள்ள பன்னிரண்டு பெயர்களில் புகலியும் ஒன்று. திருவேங்கடமுடையானிடம் நம்மாழ்வார் "புகல் ஒன்று இல்லா அடியேன் உன் அடிக்கீழ் அமர்ந்து புகுந்தேனே" என்கிறார். புகல் இல்லாதவன் புகுந்தேன் என்று ஒரே வேரை இரண்டு முறை வைக்கிறார். தஞ்சம் இன்னும் அவசரமான சொல், பின்னால் ஆபத்து துரத்தும்போது வருவது. அரசியல் தஞ்சம் என்று இன்று அது நாட்டு எல்லைகளோடு சேர்ந்துவிட்டது.

அடைக்கலம்தான் சரணாகதிக்கு மிக நெருக்கம் என்பேன். சொல்லின் முன்பாதியில் அடை தெரிகிறது, போய்ச் சேர்வது. ஆனால் புகலுக்கும் தஞ்சத்துக்கும் இல்லாத ஒரு பொருள் இதற்கு உண்டு. புகும் இடத்துக்கு மட்டுமல்ல, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கும் ஆளுக்கும்கூட அடைக்கலம் என்றே பெயர். ஊருக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் நகையைக் கொடுத்துவிட்டுப் போனால் அது அடைக்கலப் பொருள். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி. மதுரை எல்லையில் கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் மாதரி என்ற இடைக்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். பின்னால் நடந்தவை தெரியும். தன்னிடம் தந்த அடைக்கலத்தைக் காக்க முடியாமல் போனதே என்று மாதரி தீயில் இறங்கினாள். அடைக்கலம் என்பதில் பொறுப்பு யார் பக்கம் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். கொடுத்தவர் நிம்மதியாகப் போகலாம். வாங்கியவர்தான் விழித்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் உரிமையோடு வந்து கூடு கட்டும் சிட்டுக்கு அடைக்கலாங்குருவி என்று பெயர் வைத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டைக் கலைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் மின்விசிறியைக்கூடப் போடாமல் இருந்திருக்கிறோம்.

மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் அடைக்கலப் பத்து என்று ஒரு பதிகம். அதில் "உடையாய் உன் அடைக்கலமே" என்று திரும்பத் திரும்ப வரும். கவனியுங்கள், உன்னிடம் அடைக்கலம் கேட்கிறேன் என்றில்லை. நானே உன் அடைக்கலம் என்கிறார். என்னை உன்னிடம் கொடுத்தாகிவிட்டது, நான் உன் கையில் இருக்கும் பொருள். வைணவத்தில் வேதாந்த தேசிகரும் (1268-1369) காஞ்சி வரதனைப் பற்றித் தமிழில் ஓர் அடைக்கலப் பத்து பாடியிருக்கிறார். சைவர் ஒருவர், வைணவர் ஒருவர், தலைப்பு ஒன்றே. தேசிகர் மரபில் சரணாகதிக்கு இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு: நியாசம், பரநியாசம். நியாசம் என்றால் ஒப்படைத்து வைத்தல், பரம் என்றால் சுமை. "பாரத்தை அவன் மேல போட்டுட்டேன்" என்று நம் பாட்டிமார் சொல்வது அட்சரம் பிசகாமல் இதுதான். பாட்டிகள் யாரும் பாடம் கேட்டு இதைச் சொல்லவில்லை.

இந்தச் சொல் எவ்வளவு பழையது என்பதற்கு மார்கழியில் கேட்கும் திருவெம்பாவையே சாட்சி. அதன் 19-ஆவது பாட்டு இப்படித் தொடங்குகிறது: "உங்கையிற் பிள்ளை உனக்கே அடைக்கலம் என்று அங்கப் பழஞ்சொல் புதுக்கும் எம் அச்சத்தால்". உன் கையில் இருக்கும் பிள்ளை உன் பொறுப்பு. மாணிக்கவாசகர் காலத்திலேயே அது பழமொழியாகிவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் மாப்பிள்ளையிடம் சொல்வது போன்ற சொல் அது. அப்படிச் சொல்பவர் தோற்றுப்போனவர் அல்ல, தன்னிடம் இருப்பதிலேயே விலை மதிக்க முடியாததைக் கொடுக்கிறவர். பாட்டில் இருக்கும் அச்சம் என்ற சொல்லும் முக்கியம். பயம் போன பிறகு அடைக்கலம் என்று சொல்வதில்லை, பயத்தோடுதான் சொல்கிறோம்.

இதில் நோய் எங்கே தீருகிறது என்று கேட்டால், அப்பரிடம் போக வேண்டும். சமண மடத்தில் தருமசேனராக இருந்தவருக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றில் தாங்க முடியாத வலி. தமக்கை திலகவதியாரிடம் வந்தார், அவர் திருநீறு கொடுத்து, பண்ருட்டிக்கு அருகே கெடிலக் கரையில் இருக்கும் திருவதிகை வீரட்டானத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பிறந்த முதல் பதிகம் "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்று தொடங்குகிறது. எமனைப் போல வந்த இந்த வலியை நீர் விலக்கவில்லையே! குடலோடு சேர்த்து முடக்குகிறது, ஆற்றேன் அடியேன் என்று வலியின் இடத்தையே சொல்லிக் கதறுகிறார். வலி தீர்ந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது, நான் அதை நம்புகிறேன். ஆனால் எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது அந்த முறையீடுதான். அடைக்கலமானவர் வாய் பொத்தி நிற்க வேண்டும் என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அப்பர் சண்டை போடுகிறார். கையில் இருக்கும் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு.

குலசேகர ஆழ்வார் பாடிய வித்துவக்கோடு இன்றைய கேரளத்தில் பட்டாம்பிப் பக்கம் இருக்கிறது. அங்கே அவர் சொன்ன உவமை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற எவருக்கும் சுருக்கென்று படும்: "வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன் போல்". கத்தியால் அறுத்தாலும், சுட்டாலும், மருத்துவர் மேல் நோயாளிக்கு அன்பு குறைவதில்லை. அப்படித்தான் நீ துயரம் தந்தாலும் உன் அருளையே பார்த்திருப்பேன் என்கிறார். பக்தி இருந்தால் மாத்திரை வேண்டாம் என்பவர்கள் இந்தப் பாட்டைப் படிக்க வேண்டும். அடைக்கலத்துக்கு உவமையாக அவர் கொண்டுவந்ததே அறுவை சிகிச்சையைத்தான். மருந்தைச் சாப்பிடுவது நம் வேலை. மருந்து வேலை செய்யுமா என்று ராத்திரி முழுவதும் விழித்திருப்பதுதான் நாம் இறக்கி வைக்க வேண்டிய சுமை. கண்ணன் கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில், 66-ஆவது சுலோகத்தில் என் ஒருவனையே சரணாகப் பற்று என்று சொல்லிவிட்டு முடிப்பது இரண்டே சொல்லில்: மா சுசஹ, வருந்தாதே.

ஹீலிங் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு ஆறுதல் என்ற சொல்லை நான் முன்வைப்பேன். பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனசு ஆறுகிறது. மூன்றும் ஒரே வினை. சூடு தணிவது, காயம் மூடுவது, துக்கம் அடங்குவது. குணமாவது வேறு. உடம்பு குணமாகாதபோதும் மனம் ஆறலாம். அத்தையின் கணவருக்கு அப்படித்தான் நடந்தது. வியாதி போகவில்லை, கடைசி இரண்டு மாதம் அவர் நன்றாகத் தூங்கினார்.

நம் வீடுகளில் அடைக்கலம் என்ற சொல்லைச் சொல்லாமலே அதைச் செய்கிறோம். நோயாகக் கிடக்கும் பிள்ளையை முருகன் சந்நிதியில் தத்துக் கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி வருகிற வழக்கம் உண்டு. அன்றிலிருந்து பிள்ளை அவனுடையது, வளர்ப்பது மட்டும் நாம். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைவிடச் சின்னது, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது. வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்கள். குணமான பிறகு கோயிலில் சேர்க்க வேண்டும்.

சிகிச்சைக்கு முதல் நாள் ராத்திரி நான் திருவெம்பாவை வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சரணாகதி என்ற சொல்லை எடுக்கவே இல்லை. இரண்டு முறை படிக்கச் சொன்னார். அப்புறம், "உன் அக்கா கல்யாணத்துல நான் இதைத்தான் சொன்னேன், இந்த வார்த்தை தெரியாம" என்றார். அம்மா அதற்குள் புடவைத் தலைப்பிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டிருந்தார்.

பதினான்கு மாதம் கழித்துத் திருச்செந்தூர் போனோம். உண்டியல் முன்னால் நின்று அப்பா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மஞ்சள் காய்ந்து இறுகி, நகத்துக்கு வரவில்லை. பின்னால் வரிசை நின்றது. "விடுங்க, முடிச்சோடயே போடுங்க" என்றார் அம்மா. அப்படியே போட்டார்.