நியமனம் யார் கையில்? ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி இயங்கும் விதம்

கிளிநொச்சி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். கச்சேரியில் அரச அதிபர் இருக்கிறார். அவருக்குக் கீழே கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நாலு பிரதேச செயலாளர்கள். அவர்களுக்குக் கீழே 95 கிராம அலுவலர் பிரிவுகள். இந்த மாவட்டம் சீனாவில் இருந்திருந்தால் இந்தக் கதிரைகள் எல்லாம் ஏறத்தாழ இப்படியே இருக்கும். கூடவே இன்னொரு கதிரையும் இருக்கும்: மாவட்டக் கட்சிச் செயலாளருடையது. மாவட்டத்தின் முதல் ஆள் அவர்தான். அரச அதிபருக்கு ஒத்த பதவியில் இருப்பவர் வழக்கமாக அதே கட்சிக் குழுவில் துணைச் செயலாளர், அதாவது இரண்டாவது ஆள். பிரதேச செயலகத்திலும் இதே இரட்டை ஏற்பாடு. பெரிய வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் அரச வங்கியிலும் அப்படித்தான். கிராமத்தில் பல இடங்களில் இரண்டு பதவியும் ஒரே ஆளிடம் இருக்கும்.

2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு மத்திய குழு, அரசியல் குழு என்ற சொற்கள் நம் தேநீர்க் கடைகளிலும் அடிபடுகின்றன. ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்திக்குள் முதன்மையான கட்சி ஜே.வி.பி. 1965 இல் தொடங்கியது, மார்க்சிய-லெனினிய வழியில் கட்டப்பட்டது. வன்னித் தேர்தல் மாவட்டத்திலும் அந்த அணி ஆசனம் பிடித்தது. ஆனால் வாக்கில் வந்து வாக்கில் போகக்கூடிய ஒரு கட்சியும், தேர்தலில் தோற்க வழியே இல்லாத ஒரு கட்சியும் ஒன்றல்ல. சீனா, வியட்நாம், லாவோஸ், கியூபா ஆகிய நாடுகளில் ஆள்வது இரண்டாவது வகை. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இதை "ஒரு கட்சி முறை" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் சுவாரசியம். சீனாவை வைத்தே பார்ப்போம்.

அடியில் இருந்து தொடங்கலாம். மூன்று முழு உறுப்பினர்கள் எங்கே வேலை செய்கிறார்களோ, அங்கே ஒரு கட்சிக் கிளை அமைக்க வேண்டும் என்பது கட்சியின் விதி. கிராமம், பாடசாலை, தொழிற்சாலை, சட்டத்தரணிகளின் அலுவலகம், வெளிநாட்டுக் கொம்பனி என்று எந்த இடமும் விலக்கில்லை. கொம்பனிச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. இப்படி ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட அடிமட்ட அமைப்புகள் இருக்கின்றன. உறுப்பினர் தொகை 2024 முடிவில் 10 கோடியைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ பதினான்கு பேருக்கு ஒருவர்.

இந்தக் கட்சியில் பெயர் கொடுத்தவுடன் சேர்ந்துவிட முடியாது. 18 வயதாகியிருக்க வேண்டும், விண்ணப்பம் எழுத வேண்டும், ஒரு வருடத்துக்குக் குறையாமல் பயிற்சியும் கண்காணிப்பும். பிறகு இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும். அதற்கும் மேலே ஒரு வருடத் தகுதிகாண் காலம். சேர்ந்தபின் சம்பளத்தில் அரை வீதம் முதல் இரண்டு வீதம் வரை சந்தா. ஏன் இவ்வளவு சிரமப்பட்டுச் சேருகிறார்கள்? கொள்கைப் பிடிப்பு உள்ளவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் அரச வேலையில் மேலே போக அந்த உறுப்பினர் அட்டை பெரிய துணை என்பதை யாரும் மறைப்பதில்லை. 2002 இல் தனியார் முதலாளிகளுக்கும் கதவைத் திறந்தார்கள். தொழிலாளர் கட்சி முதலாளியைச் சேர்ப்பதா என்று உள்ளேயே எதிர்ப்பு இருந்தது. பணமும் திறமையும் உள்ள ஒரு புதிய கூட்டம் வெளியே நின்று எதிரணியாகிவிடக் கூடாது என்ற கணக்கே வென்றது.

இந்த அமைப்பு ரஷ்யாவில் பிறந்தது. லெனின் வகுத்த ஜனநாயக மத்தியத்துவம் என்ற கோட்பாடு சொல்வது இதுதான்: முடிவுக்கு முன்னால் பேசலாம், முடிவெடுத்த பின்னால் எல்லோரும் ஒரே குரல். சிறுபான்மை பெரும்பான்மைக்குப் பணியும், கீழ்க்குழு மேற்குழுவுக்குப் பணியும், எல்லோரும் மத்திய குழுவுக்குப் பணிவார்கள். 1921 மார்ச்சில் நடந்த ரஷ்யக் கட்சியின் பத்தாவது மாநாட்டில் கட்சிக்குள் தனிக் குழுக்கள் அமைப்பதையும் தடை செய்தார்கள். அதோடு "முடிவுக்கு முன்னால்" என்ற பகுதி சுருங்கத் தொடங்கியது. அதே வருடம் ஜூலையில்தான் ஷாங்ஹாயில் சீனக் கட்சியின் முதல் மாநாடு நடந்தது. பிரதிநிதிகள் ஒரு டசின் பேர் அளவில்தான்.

இனி இயந்திரத்தின் உள்ளே போவோம். 1922 ஏப்ரலில் ஸ்டாலின் ரஷ்யக் கட்சியின் பொதுச் செயலாளராக வந்தபோது அது பெரிய பதவியாக யாருக்கும் படவில்லை. கோப்பு, கூட்டக் குறிப்பு, ஆட்களை எங்கே அனுப்புவது என்ற அலுவலக வேலை. அந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. மாகாணச் செயலாளர்களை மையம் நியமிக்கும். அந்தச் செயலாளர்களின் கையில்தான் மாநாட்டுப் பிரதிநிதிகளின் தெரிவு. பிரதிநிதிகள் மத்திய குழுவைத் தெரிவு செய்வார்கள். மத்திய குழு பொதுச் செயலாளரை உறுதிப்படுத்தும். ஒரு வட்டம். தன்னைத் தெரிவு செய்யப்போகிறவர்களைத் தானே நியமிக்கும் வசதி ஒருவர் கையில் வந்துவிட்டது. போட்டியாளர் ட்ரொட்ஸ்கியின் பேச்சுத்திறன் அதற்கு முன்னால் எடுபடவில்லை.

சீனாவில் இந்த வேலையைச் செய்வது கட்சியின் அமைப்புத் துறை. மாகாண ஆளுநர், அமைச்சர், முதல்தரப் பல்கலைக்கழகத் தலைவர், பெரிய அரச வங்கியின் தலைவர் என்று சில ஆயிரம் பதவிகள் நேரடியாக மையத்தின் பட்டியலில் இருக்கின்றன. 1984 முதல் ஒவ்வொரு மட்டமும் தனக்கு ஒரு படி கீழே உள்ள பதவிகளைப் பார்த்துக்கொள்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கொழும்பு மாகாணத்தைப் பார்க்கும், மாகாணம் மாவட்டத்தைப் பார்க்கும், மாவட்டம் பிரதேசத்தைப் பார்க்கும். ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு கோப்பு. அவருடைய பகுதியில் உற்பத்தி எவ்வளவு கூடியது, போராட்டம் ஏதும் நடந்ததா என்று புள்ளி போடுவார்கள். ஒரு மாவட்டச் செயலாளரைச் சொந்த மாவட்டத்தில் வைக்காமல் இருப்பதும் விதி. சொந்தபந்தம், காணி, கோயில் நிர்வாகம் என்று வேர் விட்டவர் மேலிடத்தின் ஆளாக இருக்கமாட்டார் என்பது பேரரசர் காலத்திலேயே அங்கே தெரிந்த விஷயம்.

மேல் முனையில் எண்கள் சட்டென்று சுருங்கும். 2022 அக்டோபரில் நடந்த 20ஆவது மாநாட்டுக்கு 2,296 பிரதிநிதிகள் தெரிவானார்கள். அவர்கள் தெரிவு செய்த மத்திய குழுவில் 205 முழு உறுப்பினர்கள். அரசியல் குழுவில் 24 பேர். எல்லாவற்றுக்கும் உச்சியில் உள்ள நிலைக்குழுவில் 7 பேர். கடதாசியில் அதிகாரம் கீழிருந்து மேலே போகிறது. பெயர்ப் பட்டியலோ மேலிருந்து கீழே வருகிறது.

துப்பாக்கி விஷயத்தை மறக்கக் கூடாது. சீன இராணுவம் நாட்டின் இராணுவம் என்பதற்கு முன்னால் கட்சியின் இராணுவம். 1927 இல் தோற்று ஓடிக்கொண்டிருந்த படையை மாவோ சான்வான் என்ற கிராமத்தில் திருத்தி அமைத்தபோது, கொம்பனி எனப்படும் ஒவ்வொரு சிறு படைப்பிரிவுக்குள்ளும் கட்சிக் கிளை வைத்தார். அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. மாவோவுக்குப் பிறகு நாட்டை வழிநடத்திய டெங் சியாவோபிங், அந்தக் காலத்தில் பொதுச் செயலாளராகவோ நாட்டின் தலைவராகவோ இருந்ததில்லை. 1989 நவம்பர் வரை அவர் விடாமல் வைத்திருந்தது மத்திய இராணுவ ஆணைக்குழுவின் தலைமையைத்தான். அந்த வருடம் ஜூனில் பெய்ஜிங் தெருக்களில் மாணவர்கள் மேலும் பொதுமக்கள் மேலும் படையை அனுப்ப முடிந்தது அதனால்தான்.

இப்படிக் கட்டினால் ஆணை தடையில்லாமல் அடிமட்டம் வரை போகும். ஓர் ஆணை வீட்டுப் படலை வரை வருவது எப்படி இருக்கும் என்று வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எதிர்த்திசையைப் பற்றி. கீழே உள்ளவரின் பதவி மேலே உள்ளவர் கையில் மட்டுமே இருந்தால், கெட்ட செய்தியை யார் மேலே அனுப்புவார்?

நெல் விதைக்கிற நமக்கு இது உடனே விளங்கும். 1958 இல் மாவோ, உற்பத்தியை ஒரேயடியாக உயர்த்தும் "பெரும் பாய்ச்சல்" என்ற திட்டத்தை அறிவித்தார். அதிக விளைச்சல் காட்டுகிற அதிகாரிக்குப் பாராட்டு, குறைவாகச் சொன்னவருக்கு வலதுசாரி என்ற பட்டம். அந்த செப்டெம்பரில் குவாங்சியின் ஹுவான்ஜியாங் மாவட்டம் ஒரு மூ நிலத்தில் 1,30,434 ஜின் நெல் விளைந்ததாக அறிவித்தது. ஒரு ஜின் அரைக் கிலோ, ஒரு மூ ஏறத்தாழ ஆறில் ஒரு ஏக்கர். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 390 தொன்னுக்கும் மேலே வரும். இரணைமடுத் தண்ணீரில் நன்றாக விளைந்தாலும் ஏக்கருக்கு இரண்டு தொன்னை ஒட்டித்தான் நாம் எடுக்கிறோம். மற்ற வயல்களில் முற்றிய பயிரைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டு அந்தக் காட்சியைக் காட்டினார்கள். வயலில் நின்ற ஒவ்வொரு விவசாயிக்கும் அது பொய் என்று தெரியும். பத்திரிகை அதை முதற்பக்கச் சாதனையாக வெளியிட்டது.

அறிவித்த விளைச்சலை வைத்துத்தான் அரசாங்கம் கொள்முதல் அளவைத் தீர்மானித்தது. இல்லாத நெல்லுக்குப் பங்கு கேட்டபோது விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் போயின. 1959 இல் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் லூஷான் கூட்டத்தில் இதைப் பற்றி மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதவி பறிபோனது. அதைப் பார்த்த கீழ்மட்டம் இன்னும் பெரிய எண்களைச் சொன்னது. 1961 வரை நீடித்த பஞ்சத்தில் இறந்தவர்கள் குறைவாகக் கணிக்கும் ஆய்வாளர்கள் பலரின் கணக்கிலேயே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. நாலரைக் கோடி என்று கணிப்பவர்களும் உண்டு. அதை வானிலை மீது மட்டும் போட்டுவிட முடியாது. சுதந்திரமான பத்திரிகையும் எதிர்க்கட்சியும் உள்ள நாட்டில் இந்த அளவு பஞ்சம் வராது என்று அமர்த்தியா சென் வாதிட்டது இதை வைத்துத்தான்.

கட்சி இதிலிருந்து எதையும் படிக்கவில்லை என்று சொன்னால் நியாயமில்லை. தலைவர்களுக்கு மட்டும் போகும் இரகசியச் செய்தித் தொகுப்புகள், மக்கள் முறையீடு செய்யும் அலுவலகங்கள், மையத்தில் இருந்து திடீரென்று இறங்கும் சோதனைக் குழுக்கள் எல்லாம் கீழே நடப்பதை அறியத்தான். ஊழலை விசாரிப்பது ஒழுக்காற்று ஆணைக்குழு. நிலைக்குழுவில் இருந்த சோ யொங்காங்குக்கே 2015 இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த ஆணைக்குழுவும் அதே கட்சித் தலைமைக்குத்தான் பதில் சொல்கிறது. ஆகவே ஊழல்காரருக்கும் தலைமையோடு முரண்பட்டவருக்கும் ஒரே கத்தி பாயலாம். 2020 ஜனவரியில் வுஹான் மருத்துவர் லீ வென்லியாங் புதிய தொற்றைப் பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்ததற்காகப் பொலிஸ் அவரைக் கண்டித்தது. அதே மாதக் கடைசியில் வுஹான் மேயர், மேலிட அனுமதி வந்தபிறகுதான் தகவலை வெளியிட முடியும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். லீ பெப்ரவரியில் அதே நோயில் இறந்தார்.

சோவியத்தில் இந்த அமைப்பு உடைந்த விதத்தைச் சீனக் கட்சி ஆழமாகப் படித்தது. அதன் கடைசித் தலைவர் கொர்பச்சேவ் கட்சிக்கு வெளியே உண்மையான தேர்தலையும் பேச்சையும் திறந்துவிட்டார். 1990 மார்ச்சில் அரசியலமைப்பின் ஆறாவது உறுப்புரையில் இருந்த கட்சியின் ஏகபோகமும் போனது. பதவிக்கான வழி வேறு பக்கம் திரும்பியதும், உறுப்பினர்கள் அட்டையைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். இரண்டு வருடம் ஆகுமுன் கட்சியே தடை செய்யப்பட்டது. பெய்ஜிங் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. 2018 இல் கட்சியின் தலைமையை அரசியலமைப்பின் முதல் உறுப்புரையிலேயே எழுதினார்கள். அதே திருத்தத்தில் நாட்டுத் தலைவருக்கு இருந்த இரண்டு தவணைக் கட்டுப்பாட்டையும் நீக்கினார்கள்.

அப்புறம் மிஞ்சுவது வாரிசுப் பிரச்சினை. எல்லா நியமனமும் ஒரு கையில் இருக்கும்போது அந்தக் கைக்குப் பிறகு யார் என்பதற்கு வெளியில் தெரியும் விதி எதுவும் இல்லை. அடுத்த மாநாடு 2027 இல் கூட வேண்டும். அன்று நிலைக்குழு மேடைக்கு வரும்போது ஐம்பதுகளில் உள்ள ஒருவர் வரிசையில் இருக்கிறாரா என்று பாருங்கள். 2007 இல் ஷி ஜின்பிங் 54 வயதில் அப்படித்தான் அந்த வரிசைக்கு வந்தார். ஐந்து வருடத்தில் பொதுச் செயலாளர் ஆனார்.