தேய்ந்த பெல்ட் கத்தியைத் தின்னும்

வாழைச்சேனைத் துறைமுகத்தில் சூரை மீனைத் துண்டு போடும் கத்தியானாலும், அம்பாறைத் தோட்டத்தில் தேங்காய் வெட்டும் மன்னாக் கத்தியானாலும், இயந்திரத்தில் ஓடும் சாணை பெல்ட்டில் பிடிக்கும்போது அதற்கு முதல் எதிரி சூடுதான்.

பெல்ட்டின் துணியில் ஒட்டியிருக்கும் அலுமினியம் ஒக்சைட் மணி ஒவ்வொன்றும் ஒரு சிற்றுளி. முனை கூராக இருக்கும்வரை அது உருக்கைச் சீவும். சூட்டில் ஒரு பங்கு சீவலோடு தீப்பொறியாகப் பறந்துவிடும். முனை மழுங்கினால் சீவாது, தேய்க்கும். அந்தச் சூடு கத்திக்குள் இறங்கும். கத்தியின் வாய் மிக மெல்லியது. சூடு பரவ அங்கே இடமில்லை. லொறியின் பழைய வில்லுத் தகட்டில் அடித்த கத்தியில் வெப்பம் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் உருக்கு கடினம் இழந்து இளகத் தொடங்கும். அதன் மேல் நிறம் ஏறும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு தவிட்டு நிறம், 300 பாகையை நெருங்கும்போது நீலம். நீலத்தை அடுத்த பெல்ட்டில் மினுக்கி மறைத்துவிடலாம். இளகிய வாய் இளகியதுதான். பிறகு தண்ணீரில் தோய்ப்பதாலும் பயனில்லை. அந்தப் பகுதியை அரைத்து எறிய வேண்டும். பெல்ட்டில் மிச்சம் பிடிப்பவர் கத்தியில் இழக்கிறார் என்று நான் சொல்வது இதனால்தான்.

செரமிக் பெல்ட்டின் குணம் வேறு. அதன் மணிகள் அழுத்தத்தில் சிறிது சிறிதாக உடைந்து புதுமுனை காட்டும். பயந்து பயந்து மெல்லப் பிடித்தால் உடையாமல் வழவழத்துப்போகும். ஆகவே உருவம் எடுக்கும் முதல் கட்டத்துக்கே அது பொருத்தம்.

மணியின் அளவைக் காட்ட பெல்ட்டுக்கு இடும் ‘பி’ இலக்கம் கூடக்கூட மணி சிறுக்கும். பி 60இல் மணி கால் மில்லிமீற்றருக்குச் சற்று மேல்; பி 120இல் அதில் பாதி; பி 400இல் 35 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் 35 பங்கு) அளவு. பி 60இலிருந்து நேரே பி 400க்குத் தாவினால் ஆழமான கீறல்கள் அடியில் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு பெல்ட்டிலும் கத்தியைச் சற்றுத் திசைமாற்றிப் பிடித்தால், போகாத பழைய கீறல் குறுக்கே தெரிந்துவிடும். கடற்காற்று வீசும் மட்டக்களப்பில் இது அழகுக்கான வேலை மட்டுமன்று. உப்பும் ஈரமும் கீறலில்தான் தங்கும், துருவும் அங்கேதான் பிடிக்கும்.

வாய் தீட்டும்போது புதிய பெல்ட், குறைந்த வேகம், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீர். விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மெல்ல வழித்துப் பாருங்கள். மறுபக்கத்தில் பிசிறு நெருடினால் அந்தப் பக்கம் முடிந்தது, கத்தியைத் திருப்பலாம். குரோமியம் ஒக்சைட் பூசிய தோல் பெல்ட் கடைசிப் பிசிறை எடுக்கும். மீன் கத்திக்கு பி 400 தரும் நுண்ணிய பற்கள் போதும், வழுக்கும் தோலை அவை கவ்விக்கொள்ளும். பக்கத்துக்கு 15 பாகைச் சரிவு. மன்னாக் கத்திக்கு 25க்குக் குறைந்தால் வாய் மடங்கும்.

பெல்ட்டை மாட்டுமுன் அதன் முதுகில் அச்சிட்ட அம்புக்குறியைப் பாருங்கள். அது காட்டும் பக்கமாகவே பெல்ட் ஓட வேண்டும். கத்தியின் வாயும் அதே பக்கம் பார்த்திருக்கட்டும். எதிர்த்துப் பிடித்தால் வாய் பெல்ட்டுக்குள் பாயும், கத்தி கையை விட்டுப் பறக்கும்.