கடல் தெரியும் பல்கனிக்கு முன், படிக்கட்டுக் கதவைப் பாருங்கள்

கொம்பனித்தெருவில் நேராக நிற்கும் கோபுரத்தில் இன்னொன்று சாய்ந்து நிற்கும் அல்டெயார், இராஜகிரியவில் மாடிதோறும் செடிகொடி வளரும் 46 மாடிக் கிளியர்பொயின்ற். கொழும்பு இனி எப்படி வளரும் என்பதை இவை காட்டுகின்றன. வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் பழைய வீட்டுக் காணிகளில் தொடர்மாடிகள் எழும்புகின்றன. வீடு பார்க்கப் போகிறவர்கள் நேரே பல்கனிக்குத்தான் போகிறார்கள். லிப்டுக்குப் பக்கத்திலுள்ள அவசரப் படிக்கட்டுக் கதவை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

தீயைவிடப் புகைதான் முதலில் ஆளைக் கொல்லும். கதவு திறந்து கிடந்தால் படிக்கட்டு புகைபோக்கியாகிவிடும். அதைத் தடுக்கத்தான் உயர்ந்த கட்டடங்களில் மின்விசிறி வைத்துப் படிக்கட்டுக்குள் காற்றை அழுத்துகிறார்கள். அழுத்தம் பொதுவாக 50 பாஸ்கல் அளவு. ஒரு மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் உயரமும் உள்ள கதவில் அது கிட்டத்தட்ட 10 கிலோ பாரம். பாதியைப் பிணைச்சல் தாங்க, மீதி பாதி உங்கள் கைக்கு வரும். கதவைத் தானாக மூடவைக்கும் கருவியான மூடியின் வில் விசை வேறு. விசிறி ஓடும்போது கதவு கனப்பது இதனால்தான், பழுதினால் அல்ல.

கல்யாண வீட்டுக்குச் சாமான் ஏற்றக் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுப்பார்கள். விசேஷம் முடிந்தாலும் கல் அங்கேயே கிடக்கும். இப்படி நாலைந்து மாடிகளில் கதவு திறந்து கிடந்தால் விசிறி எவ்வளவு ஓடினாலும் அழுத்தம் நிற்காது.

கதவை ஓர் அடி திறந்து கையை விடுங்கள். தானாக மூடி, 'கிளிக்' என்று பூட்டு நாக்கு விழவேண்டும். மேலே உள்ள மூடிப் பெட்டியிலிருந்து எண்ணெய் வழிந்த கோடு தெரிந்தால் அது செத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். மெரைன் டிரைவ் பக்கம் உப்புக் காற்றில் மூடியின் கையும் பிணைச்சலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். விளிம்பில் பதித்த மெல்லிய பட்டி சூட்டில் ஊதி இடுக்கை அடைக்கும். அதைப் பிய்த்தெடுக்க விடாதீர்கள்.

வாசற்கதவும் அப்படித்தான். கட்டடத்தோடு வந்த, அரை மணியோ ஒரு மணியோ தீயைத் தாங்கும் கதவைக் கழற்றிவிட்டுச் சித்திர வேலைப்பாட்டுத் தேக்குக் கதவு போடுவது நம்மவர் வழக்கம். கதவில் செதுக்கிய இலட்சுமி அழகாக இருப்பாள், ஆனால் மெல்லிய பலகையும் இடுக்கும் புகையை மறிக்காது. இலண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017இல் 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக் நடுவுள்ள அலுமினியத் தகடுதான் முதற் காரணம். ஆனால் வீட்டுக் கதவுகள் பல தானாக மூடாததும் புகை பரவ வழிவிட்டது.

தண்ணீரிலும் ஒரு கணக்கு உண்டு. 10 மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். 120 மீற்றர் மேலே உள்ள தாங்கியிலிருந்து நேரே இறக்கினால் கீழ்மாடிக் குழாயில் 12 பார் நிற்கும். இணைப்புக் குழாய்கள் வெடிக்கலாம். அழுத்தம் குறைக்கும் வால்வு எங்கே, எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

2022 மின்வெட்டில் டீசலுக்கும் வரிசை நின்றது. உங்கள் ஜெனரேட்டர் லிப்டுக்கு மட்டுமா, படிக்கட்டு விசிறிக்கும் தீயணைப்புப் பம்புக்கும் சேர்த்தா?

வீட்டுக்காரர் எல்லோரும் தொடர்மாடியை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர்களே, ஆகவே கூட்டத்தில் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிரதான மின்சாரத்தை நிறுத்தி, ஜெனரேட்டரில் விசிறியை ஓடவிடச் சொல்லுங்கள். உங்கள் மாடிப் படிக்கட்டுக் கதவை விரற்கடை திறந்து, இடுக்கில் ஒரு மெல்லிய ரிசு (tissue) தாளைப் பிடியுங்கள். தாள் நடைபாதைப் பக்கம் பறக்கவேண்டும்.