குளிசையை நிறுத்திவிட்டு டெஸ்டுக்கு வராதீர்கள்

போன வாரம் கொட்டாஞ்சேனையிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்த வலிப்புக்குக் குளிசை குடிக்கும் ஒன்பது வயதுப் பையன், நான் எடுக்கும் மூளை அலை டெஸ்ட் பாதியில் இருக்கும்போது கண் மேலே சொருகி, கை கால் இழுக்கத் தொடங்கினான். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடத்துக்குள் அடங்கியது. அதற்குப் பிறகுதான் தகப்பன் சொன்னார்: "மிஸ், டெஸ்ட் நல்லா வரட்டும் எண்டு மூண்டு நாளா குளிசை குடுக்கேல்ல."

இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது பிள்ளை இவன். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அவருடைய பயம் எனக்கு விளங்காமல் இல்லை. வருகிற வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. மருந்து தொடங்கியதிலிருந்து பிள்ளை மந்தமாகிவிட்டான் என்று வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். மூளையை அளக்கப் போகிறார்கள் என்றதும் மார்க்ஸ் போடப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். தலையில் கம்பி ஒட்டி, காதில் ஹெட்போனைப் போட்டு ஒரே மாதிரித் தாழ்ந்த சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கவைப்போம். இடையிடையே, ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை, உயர்ந்த சத்தம் ஒன்று வரும். பிள்ளை அதை மட்டும் எண்ண வேண்டும். அந்த அரிதான சத்தத்தை மூளை கவனித்தால், சத்தம் வந்து சுமார் 300 மில்லிசெக்கனில் ஒரு சின்ன அலை எழும். 1965இல் சட்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதிய, பி-300 என்ற அலை இதுதான். அளவு சில மைக்ரோவோல்ட்தான் என்பதால் பல தடவை பதிந்து சராசரி எடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

இது புத்தியின் அளவு அல்ல. ஐ.கியூ.வும் அல்ல. பிள்ளை கெட்டிக்காரனா, பரீட்சை பாஸ் பண்ணுவானா என்று அந்த அலை சொல்லாது, கவனம் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை மட்டும் கொஞ்சம் காட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே பிந்தித்தான் வரும், வளர வளர முந்தும், அதனால் ஒன்பது வயதை ஒன்பது வயதோடுதான் ஒப்பிட வேண்டும். வலிப்புள்ள பிள்ளைகளில் இன்னும் பிந்துவதை ஆய்வுகள் பலவற்றில் கண்டிருக்கிறார்கள், ஆனால் ஒரு பிள்ளைக்குப் பிந்தினால் காரணம் வலிப்பாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம், முதல்நாள் நித்திரை இல்லாததாகவும் இருக்கலாம். படிப்பில் எங்கே இடறுகிறான் என்று அறிய உளவியலாளர் அவனோடு மணிக்கணக்கில் இருந்து செய்யும் சோதனைகள் வேறு. இதை மட்டும் வைத்து எந்த டொக்டரும் உங்கள் பிள்ளையை மந்தம் என்று எழுதமாட்டார்.

மருந்தோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் மூளை எப்படி வேலை செய்கிறது என்றுதான் டொக்டருக்குத் தெரிய வேண்டும். நிறுத்திவிட்டு வந்தால் வெளியே தெரியாத சின்னச் சின்ன மின்வெடிப்புகள் மூளையில் கூடி, கவனம் இன்னும் குழம்பும். பீனோபார்பிட்டோன், டொபிரமேட் போன்ற வலிப்பு மருந்துகள் சில பிள்ளைகளை மந்தமாக்குவது உண்மைதான். அதை கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள், மாற்றலாமா என்று பார்ப்பார்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள்.

அப்புறம், முதல்நாள் ஷாம்பு போட்டுத் தலை முழுகவையுங்கள், தயவுசெய்து எண்ணெய் வைக்காதீர்கள், கம்பி ஒட்டாது. சாப்பிட்டு வரட்டும். நித்திரை முழிக்கச் சொல்வது வேறொரு மூளை அலைப் பதிவுக்கு (ஈ.ஈ.ஜி.), இதற்கு நன்றாகத் தூங்க வேண்டும். காது வலி, சளி இருந்தால் முதலே சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து "இப்ப எண்ணு" என்று கிசுகிசுக்காதீர்கள்.

பிள்ளையிடம் "மூளை சரியோ எண்டு பாக்கப் போறம்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிவராதீர்கள். சத்தம் எண்ணப் போகிறோம் என்றால் போதும். அந்தப் பையன் மயக்கம் தெளிந்து முதலில் கேட்டது, "நான் பிழையா எண்ணிட்டனா, மிஸ்?"