‘தானா வந்துரும்’ என்று ட்ரோனை விடுகிறவர்களுக்கு

ஆனி, ஆடி வந்துவிட்டால் என் மேசை நிறைந்துவிடும். கை ஒடிந்த ட்ரோன், கேமரா தொங்குகிற ட்ரோன், வாய்க்கால் சேறு காய்ந்து ஒட்டிய ட்ரோன். பாளையங்கோட்டையில் ட்ரோன் சர்வீஸ் செய்கிறேன், புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஓட்டச் சொல்லியும் தருகிறேன். உடைந்து வருவதில் எனக்குக் குறை இல்லை, பிழைப்பே அதுதான். எரிச்சலெல்லாம், கொண்டுவருகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே வாக்கியத்தைச் சொல்வதில்தான். போன வாரமும் கேட்டேன்: “பட்டனை அமுக்கினா தானா வந்துரும்னுல்லா சொன்னாவ, அண்ணாச்சி!”

சொன்னது யார் என்று கேட்டால் விற்றவர், கூடப் படித்தவன், ஏதோ ஒரு மூன்று நிமிட வீடியோ. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

போன வாரம் வந்த அந்தத் தம்பிக்கு ஊர் பணகுடிப் பக்கம். துபாயிலிருந்து அத்தான் கொண்டுவந்த 249 கிராம் ட்ரோன். பறந்த பாதையின் பதிவு (லாக்) அவர் போனிலேயே இருந்தது, அவர் முன்னாலேயே ஓட்டிப் பார்த்தேன். சாயங்காலம் கிளப்பியிருக்கிறார். மேல்காற்று முதுகில் தள்ள, கிழக்கே ஒன்றரை கிலோமீட்டரை இரண்டே நிமிடத்தில் தாண்டியிருக்கிறது. “சும்மா சல்லுனு போச்சு அண்ணாச்சி” என்றார். போகத்தான் செய்யும். அங்கே காற்றாலைகளை வளைத்து வளைத்துப் படம் எடுத்துவிட்டு, பேட்டரி 45 சதவீதம் இருக்கும்போது ஆர்டிஎச் பட்டனை, அதாவது ட்ரோனைக் கிளம்பிய இடத்துக்கே திருப்பி வரவைக்கும் ‘ரிட்டர்ன் டு ஹோம்’ பட்டனை, அமுக்கியிருக்கிறார். ட்ரோன் சொன்னபடி கேட்டது. முதலில் நேரே மேலே ஏறியது, அப்புறம் மூக்கை ஊரைப் பார்த்துத் திருப்பியது. தூரம் 1500 மீட்டர். பிறகு 1490. பிறகு 1486. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அடுத்தது 1493. அதிலிருந்து எண் ஏறிக்கொண்டேதான் போகிறது. முகம் ஊரைப் பார்க்க, உடம்பு பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. காற்று பலமாக இருக்கிறது, உயரத்தைக் குறையுங்கள் என்று திரையில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. தம்பி ரிமோட்டில் ஒரு குச்சியையும் தொடவில்லை. தானா வந்துரும் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பேட்டரி தீர்ந்ததும் அது இருந்த இடத்திலேயே இறங்கிவிட்டது, பனங்காட்டுக்குள். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கண்ணில் பட்டதால் மிச்சமாவது கிடைத்தது.

இதில் ட்ரோனுக்கு ஒரு கோளாறும் இல்லை. ஜிபிஎஸ் என்பது தான் எங்கே இருக்கிறோம், கிளம்பிய இடம் எங்கே என்று அதற்குச் சொல்லும், அவ்வளவுதான். வந்து சேரும் பலத்தை அது தராது. ஆடி மாதம் பணகுடியிலிருந்து காவல்கிணறு நோக்கிச் சைக்கிள் மிதித்தவருக்கு நான் சொல்வது புரியும். வீட்டுக்கு வழி தெரியும், கால்தான் வராது.

கணக்காகவே பாருங்கள். திரும்பி வரும்போது இந்த ரகச் சின்ன ட்ரோன் நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பறக்கும் என்று வைத்துக்கொள்வோம். எதிர்காற்று நொடிக்கு ஒன்பது மீட்டர் என்றால் மிச்சம் ஒரே ஒரு மீட்டர். ஒன்றரை கிலோமீட்டருக்கு 1500 நொடி, அதாவது 25 நிமிடம். புதுப் பேட்டரியின் முழு ஆயுளே கையேட்டில் முப்பது நிமிடம்தான், அதுவும் காற்றில்லாத இடத்தில் எடுத்த கணக்கு. இந்தச் சின்ன மாடல்கள் தாங்கும் காற்றே நொடிக்கு 10.7 மீட்டர், மணிக்கு 38 கிலோமீட்டர் போல. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தென்மேற்குப் பருவத்தில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். சும்மாவா முப்பந்தலிலும் இராதாபுரம் பக்கமும் இத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்? அம்மியே பறக்கும் என்று பாட்டிமார் சொன்ன மாதத்தில் 249 கிராமைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்க்கிறோம்.

உயரே போகப்போகக் காற்று கூடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆர்டிஎச் அமுக்கியதும் ட்ரோன் தனக்குக் குறித்துவைத்த உயரத்துக்கு ஏறும், அதாவது அதிகக் காற்றுக்குள் தானே போய் நுழையும். அந்த நேரத்தில் செய்யவேண்டியது நேர்மாறானது. ஆர்டிஎச்சை நிறுத்துங்கள். கீழே மரமோ கம்பியோ இல்லை என்று பார்த்துக்கொண்டு உயரத்தைக் குறையுங்கள். வேகம் கூடுகிற ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி நீங்களே ஓட்டி வாருங்கள். இதைவிட நல்லது, போகும்போதே எதிர்காற்றில் போவது. வரும்போது காற்று தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கும். கிளப்பியதும் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்த்தாலே காற்றுத் திசை தெரிந்துவிடும்.

சரி, காற்றே இல்லை, அப்போதாவது தானா வருமா? வரும், எந்த இடத்தைக் கிளம்பிய இடமாகக் குறித்துக்கொண்டதோ அங்கே. ஜிபிஎஸ் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். ஹோம் பாயின்ட், அதாவது கிளம்பிய இடம், பதிந்தது என்று ஆப் சொல்லும். அதுவரை பொறுக்க யாருக்கும் மனமில்லை. நாங்குநேரிப் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்தில் அவசர அவசரமாகக் கிளப்பி, நேராகக் குளத்துக்கு மேலே கொண்டுபோய்விட்டார் ஒருவர். ஜிபிஎஸ் பிடித்தது குளத்துக்கு நடுவில். ஹோம் பாயின்டும் அங்கேயே பதிந்தது. பேட்டரி குறைந்ததும் ட்ரோன் மிகவும் கீழ்ப்படிதலோடு அதே இடத்துக்குத் திரும்பித் தண்ணீரில் இறங்கிவிட்டது. உவரியில் வள்ளத்தில் இருந்து கிளப்புகிறவர்களுக்கும் இதே கதைதான். வள்ளம் நகரும், ஹோம் பாயின்ட் கடலில் அதே இடத்தில் இருக்கும்.

திரும்பும் உயரத்தை மாற்றலாம் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஊருக்கு ஊர் அதை மாற்றி வைக்கவேண்டும். நன்றாக வளர்ந்த பனை முப்பது மீட்டரைத் தொடும், செல்போன் டவர் அதற்கும் மேலே. உங்கள் ட்ரோன் இருபது மீட்டரில் நேர்கோட்டில் திரும்பினால் வழியில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதில் சென்சார் இருக்கிறது என்பார்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் கீழே பார்க்கிற சென்சார் மட்டும்தான். நான்கு பக்கமும் இருக்கிற மாடல்கூட ஈபி கம்பியைப் பார்க்காது, பனையோலை நுனியைப் பார்க்காது. கீழ் சென்சாரும் ஓடுகிற தண்ணீருக்கு மேல் குழம்பும். தாமிரபரணியில் தண்ணீரை உரசிக்கொண்டு ஒரு ஷாட் என்று குறுக்குத்துறைப் பக்கம் போய் நனைந்து வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது.

இனி, புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கு. ஆடியில் வாங்கினால் பெட்டியில் வையுங்கள், அல்லது சிமுலேட்டரில் பழகுங்கள். மாசி, பங்குனியில் பிசான நெல் அறுத்து முடிந்த வயல்தான் நம்மூரில் இதற்குக் கிடைக்கிற நல்ல இடம். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அறுத்த தாள் இறக்கையில் படாமல் ஒரு ரப்பர் பாயை விரித்து அதிலிருந்து கிளப்புங்கள். காலை வெயில் ஏறும் முன்னால், காற்று எழும்பும் முன்னால். மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். தளத்துக்குள் கம்பி கட்டியிருக்கிறது, காம்பஸ் குழம்பும். காரின் பானெட்டில் வைத்துக் கிளப்புகிறவர்களும் இதில் அடக்கம்.

முதலில் ஐந்து மீட்டர் உயரத்தில், வால் உங்களைப் பார்க்க, ஒரே இடத்தில் நிறுத்திப் பழகுங்கள். அப்புறம் சதுரம், அப்புறம் எட்டு போடுங்கள். இதெல்லாம் எல்லோரும் செய்துவிடுவார்கள். மூக்கை உங்கள் பக்கம் திருப்பியதும்தான் வேடிக்கை. இடது வலது மாறிவிடும், பதற்றத்தில் குச்சியைத் தப்பான பக்கம் தள்ளி, விலகவேண்டிய மரத்திலேயே கொண்டுபோய் அடிப்பார்கள். திரையைப் பார்க்காமல் ட்ரோனையே பார்த்து, மூக்கு உங்களைப் பார்த்திருக்கும்போது ஒரு வட்டம் போட வந்துவிட்டால் என்னிடம் வரும் வேலையில் பாதி குறையும். குறையட்டும், பரவாயில்லை. எதுவுமே புரியாமல் போனால் இரண்டு குச்சியையும் விட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் பிடித்திருந்தால் அந்தரத்தில் நின்றுவிடும். மூச்சு வாங்கிக்கொண்டு யோசிக்கலாம்.

கையில் பிடித்து இறக்கிக் காட்டும் வீரம் இப்போது வேண்டாம். 249 கிராம்தானே என்றால், அந்த இறக்கை விரலை வெட்ட அது போதும். அதனால்தான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் நான்கு ரதவீதிக்கும் மேலே முதல் மாதத்திலேயே போய் நிற்காதீர்கள். கீழே பச்சைப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனம் நிற்கிறது. ஒரு இறக்கை கழன்றால் அது எங்கே விழும்?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தள்ளிவிடுகிறார்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், காசு வாங்காமல் ஓட்டும் மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டாம். சான்றிதழ்தான் வேண்டாம், விதிகள் உண்டு. மைக்ரோ வைத்துக் கல்யாண வீட்டில் சம்பளத்துக்கு ஓட்டினால் சான்றிதழ் வேண்டும். முன் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி, அதற்கும் உள்ளே அனுமதி இல்லாமல் கூடாது. நமக்கு அந்த விமான நிலையம் வாகைக்குளம், தூத்துக்குடி விமான நிலையம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் ஊரைத் தட்டினால் மண்டலத்தின் நிறம் தெரியும். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், இந்த மூன்றின் பக்கமும் ட்ரோன் பையைத் திறக்கவே வேண்டாம். இந்த மாவட்டத்தில் பிறந்துவிட்டு இதைத் தெரியாது என்று சொன்னால் போலீஸ்காரர் நம்பமாட்டார். விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

வெளிநாட்டில் செய்த முழு ட்ரோனை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்குத்தான் விலக்கு. ஆகவே துபாய் அத்தான்களே, பெட்டியில் வைக்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள். உதிரி பாகத்துக்குத் தடை இல்லை என்பதால்தான் என் கடை ஓடுகிறது.

பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிட்டால் ட்ரோன் என்னிடம் வராது, ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போகும். கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியிருக்கும்போது மேலே போய் இரைச்சல் போடுவதற்குச் சட்டம் வேண்டாம், கொஞ்சம் இரக்கம் போதும். பெரிய பறவை எழுந்து ஓடினால் குஞ்சுகள் வெயிலில் கிடக்கும், காக்கை காத்திருக்கும். பருந்து உங்களைத் துரத்தினால் அதோடு விளையாடாமல் விலகி இறக்கிவிடுங்கள்.

பேட்டரியைப் பற்றி ஒன்று. முழுதாகச் சார்ஜ் போட்டு மாதக்கணக்கில் பீரோவில் வைக்காதீர்கள். பாதி அளவில் வையுங்கள். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியை அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது, இதெல்லாம் வீட்டைக் கொளுத்தும் வேலை. இதைச் செய்துவிட்டு என்னிடம் பெருமையாகச் சொன்னவரும் உண்டு.

எல்லாம் மீறி விழுந்துவிட்டதா? ட்ரோனின் மேல் உங்கள் போன் நம்பர் ஒட்டியிருக்கட்டும், ஆடு மேய்க்கிறவர் கூப்பிட வசதியாக இருக்கும். பனையில் மாட்டினால் கல்லெறியாதீர்கள், பனையேறுகிறவரைக் கூப்பிட்டு, கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தண்ணீரில் விழுந்து எடுத்தால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ஓடுகிறதா என்று ஒரே ஒரு தடவை ஆன் செய்து பார்க்கிற அந்த ஆசையில்தான் போர்டு எரிகிறது. அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம். அந்தத் தவிட்டை, கேமராவை ஆடாமல் பிடிக்கிற கிம்பல் மோட்டாரிலிருந்து ஊதி எடுப்பது தனி வேலை, அதற்குத் தனிக் கூலி வாங்குகிறேன். கடல் தண்ணீர் என்றால் அன்றைக்கே கொண்டுவாருங்கள், மறுநாள் வந்தால் செம்பு பச்சையாகிவிடும். வரும்போது ரிமோட்டையும், ஆப் இருக்கிற போனையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.