வளரும் பல், உதிரும் பல்: அணிலும் சுறாவும்

நாட்டு வாதாம் மரத்தடியில் அணில் கொறித்துப் போட்ட கொட்டையை எடுத்துப் பாருங்கள். ஓட்டில் சின்ன உளியால் செதுக்கியதுபோல இணை இணையாகக் கோடுகள் இருக்கும். கல் மாதிரியான அந்த ஓட்டோடு தினமும் மல்லுக்கு நின்றால் எந்தப் பல்லும் தேயத்தான் செய்யும். அணிலின் முன்பற்களும் தேய்கின்றன, ஆனால் தேயத் தேய அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கின்றன, சாகும்வரை.

அதைவிட அருமை, அந்தப் பல் தன்னைத்தானே கூர்தீட்டிக்கொள்வது. நம் பல்லின் வெளியே தெரியும் பகுதி முழுக்க எனாமல் என்ற கடினப் பூச்சு மூடியிருக்கிறது. அணிலின் முன்பல்லுக்கு முன்பக்கம் மட்டும்தான், அதிலும் இரும்பு கலந்திருப்பதால் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். பின்பக்கம் இருக்கும் டென்டைன், அதாவது எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் உடற்பகுதி, கொஞ்சம் மென்மையானது, அது சீக்கிரம் தேய்ந்துபோக, முன்னால் எனாமல் விளிம்பு உளிமுனையாக நிற்கிறது.

சரி, சுறா? அதன் பல் தாடைக்குள் வேர்விட்டு நிற்பதில்லை, ஈறுத்தோலில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரையைக் கவ்வி உலுக்கும்போது கழன்று விழுந்துவிடும். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது: பின்னால் வரிசை வரிசையாகப் புதுப் பற்கள் உள்பக்கம் மடிந்து கிடக்கின்றன, ஈறுத்தோல் மெல்ல முன்னே நகர நகர அடுத்த பல் நிமிர்ந்து அந்த இடத்துக்கு வந்துவிடும். ஆயுள் முழுக்க ஆயிரக்கணக்கில் உதிரும். அந்தப் பல்லின் மேற்பூச்சில் ஃபுளோரைடு நிறைய இருக்கிறது, ஆனாலும் நம் பல்லைவிட அது பெரிதாகக் கடினமில்லை. அதன் பலம் புதிது முளைப்பதில்தான்.

இன்னொன்று, சுறாவின் தோலை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அந்தச் செதில் ஒவ்வொன்றுமே குட்டிப் பல்தான், உள்ளே டென்டைன், மேலே கடினப் பூச்சு. இந்த இரண்டு உயிர்களின் வம்சமும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது, டென்டைன் மட்டும் இரண்டிடமும் தங்கிவிட்டது.

அணிலின் ஏற்பாட்டில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு முன்பல் உடைந்தாலோ கோணினாலோ, எதிரே உள்ள பல்லுக்கு உராய ஆளில்லாமல் அது வளைந்து நீண்டு, வாயை மூடவே முடியாமல் பட்டினியில் சாகவும் நேரும். மரத்திலிருந்து விழுந்த குட்டியை எடுத்து வளர்க்கிறவர்கள், அது வளர்ந்த பிறகும் பாலும் ரொட்டியுமாகவே கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஓட்டோடு கடலையும் ஒரு மரக்குச்சியும் போட்டு வையுங்கள், அது கொறிக்கட்டும்.